கணக்குப் புஸ்தகம் யார் கையில்?

2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் குஜராத்திலுள்ள வாடினார் எண்ணெய் ஆலையைப் பற்றி வந்த ஒரு செய்தியை நேயர்களில் பலர் வாசித்திருப்பார்கள். வாசித்து மறந்தும் இருப்பார்கள். அது மறக்கத் தக்கதன்று. நயாரா எனர்ஜி என்பது இந்தியாவில் பதிவான கம்பெனி. தேசத்தின் எண்ணெய் சுத்திகரிப்புத் திறனில் ஏறத்தாழ 8 சதவிகிதம் அதனிடம் இருக்கிறது. அதன் மூலதனத்தில் ஒரு ரஷ்யக் கம்பெனிக்குப் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு உண்டு என்ற காரணம் பற்றி, ஜூலை 18-ந் தேதி ஐரோப்பிய யூனியன் அதன்மீது தடை விதித்தது. சில தினங்களுக்குள் அமெரிக்கக் கம்பெனியாகிய மைக்ரோஸாப்ட், நயாராவுக்கு அளித்து வந்த சேவைகளை நிறுத்திவிட்டது. பணம் கொடுத்து வாங்கிய உரிமம் அமலில் இருக்கும்போதே, தனது சொந்தத் தகவல்களைத் தானே பார்க்க முடியாமற் போயிற்று என்று நயாரா டில்லி ஹைக்கோர்ட்டில் முறையிட்டது. இந்தியச் சட்டமோ அமெரிக்கச் சட்டமோ இவ்விதம் செய்யுமாறு கட்டளையிடவில்லை என்பது அதன் வாதம். மாதம் முடிவதற்குள் சேவை திரும்பி வந்தது. வழக்கும் அத்துடன் நின்றது.

வழக்கு நின்றதே யொழிய, அது எழுப்பிய கேள்வி நிற்கவில்லை. இத்தனை பெரிய கம்பெனிக்கே இந்த கதி நேருமானால், மதுரை மாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருடைய கதி என்ன? அவருடைய வாடிக்கைக்காரர் பெயர்களும், பாக்கிகளும், கொடுக்கல் வாங்கல்களும் இன்று எங்கே இருக்கின்றன? அவற்றின் சாவி யாரிடம் இருக்கிறது? இதைப்பற்றிச் சிந்திப்பது வியாபாரிகளின் வேலை மாத்திரமே என்று தேச ஊழியர்கள் நினைப்பது பெருந்தவறு என்பது நமது அபிப்பிராயம்.

விஷயம் இன்னது

முதலில் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லுவோம். முன்காலத்தில் கடைக்குக் கடை பேரேடு இருந்தது. செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கிளைகள் வைத்திருந்தபோது, அங்கிருந்த ஏஜெண்டுகள் காலந்தவறாமல் கணக்குகளை ஊருக்கு அனுப்பி வந்தார்கள். முதலாளி தமது வீட்டு முகப்பில் உட்கார்ந்தபடியே ஐந்தொகையைப் பார்த்து, எந்தக் கிளையில் பணம் தூங்குகிறது, எந்தக் கடன் ஆட்டங்கண்டிருக்கிறது என்று அறிந்து, அடுத்த கட்டளையை எழுதுவார். கிளைக் கணக்கைத் தலைமைக் கணக்குடன் சேர்த்து ஆராயும் வித்தை நமக்கு நேற்று வந்ததன்று.

இன்று பேரேட்டின் இடத்திற்கு, 'சி.ஆர்.எம்.' என்று வழங்கும் வாடிக்கைக்காரர் புஸ்தகம் வந்திருக்கிறது. அது கடையிலுள்ள பெட்டியில் இராது. 'கிளவுட்', அதாவது மேகம் என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஆனால் ஆகாயத்தில் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு பட்டணத்தில், ஏதோ ஒரு கட்டிடத்தில், பிறருக்குச் சொந்தமான சர்வர் யந்திரங்களில் அது இருக்கிறது. மாதவாடகை கொடுத்து நாம் அதை எழுதுகிறோம், வாசிக்கிறோம். பில் போடும் யந்திரத்தின் கணக்கு ஒரு பக்கம், சரக்கு இருப்பு ஒரு பக்கம், வாட்ஸாப்பில் வரும் ஆர்டர் ஒரு பக்கம் என்று மற்றவை சிதறிக் கிடக்கின்றன. இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் யந்திரத்திற்கு 'அனலிடிக்ஸ்' என்று பெயர். வாடிக்கைக்காரர் புஸ்தகத்திலிருந்து அந்த ஆராய்ச்சி மேடைக்குத் தகவல் தானாகவே ஓடும்படி ஒரு வாய்க்கால் வெட்டுவதுதான் நாம் இங்கே பேசும் காரியம்.

இதனால் லாபம் உண்டா? சந்தேகமில்லாமல் உண்டு. மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் தலைமுறையாக வந்துகொண்டிருந்த குடும்பங்களில், இந்த வருஷம் வராதவர் யார்? சித்திரைத் திருவிழாவில் எந்தச் சரக்கு போயிற்று, எது மூட்டையிலேயே தங்கிற்று? 90 நாட்களுக்கு மேற்பட்ட பாக்கி எவ்வளவு? பழைய கணக்கப்பிள்ளை இவற்றை மனத்திலேயே வைத்திருந்தார். அவர் போன பிறகு கடையில் அந்த ஞாபகமும் போய்விட்டது. ஆனால் அமெரிக்க முதல் கொண்டு இந்தியாவில் கடை விரித்திருக்கும் ஆன்லைன் கம்பெனிகளோ, நமது தெருவில் இன்ன வீட்டார் இன்ன மாதத்தில் இன்ன சாமான் வாங்குவார் என்று கணக்கிட்டு வைத்திருக்கின்றன. எதிரி கண்ணைத் திறந்துகொண்டு சண்டை செய்யும்போது, நமது வியாபாரி கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்பது சுதேசியம் ஆகாது. ஆகவே யந்திரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. யந்திரம் யாருக்கு ஊழியம் செய்கிறது என்பதே நமது கேள்வி.

இணைப்பிலே வரும் பிழைகள்

இணைத்துவிட்டால் உண்மை தானாகவே தோன்றும் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதை நம்பலாகாது. ஓர் உதாரணம் போதும். மாட்டுத்தாவணிப் புஷ்ப மார்க்கெட்டில் வியாபாரம் விடிவதற்கு முன்னமே சூடு பிடித்துவிடும். மேக யந்திரங்களில் பெரும்பாலானவை சர்வதேச நேரப்படி காலத்தைக் குறிக்கின்றன. அது நமது நேரத்திற்கு 5 மணி 30 நிமிஷம் பிந்தியது. செவ்வாய்க்கிழமை காலை 4 மணிக்கு விற்ற மல்லிகை, அந்தக் கணக்கில் திங்கட்கிழமை இரவு பத்தரை மணி விற்பனையாகப் பதிவாகும். மேடையில் நேரத்தைச் சரியாக அமைக்காவிட்டால், முகூர்த்த நாள் விற்பனை முதல்நாள் விற்பனையாகத் தோன்றும். முதல் தேதி வியாபாரம் சென்ற மாதக் கணக்கிலே விழும். வர்ணப் படங்கள் அழகாகவே இருக்கும், பொய் சொல்லும்.

பெயரிலும் இதே தொல்லை. ஒரே அம்மாளின் பெயரை ஒரு குமாஸ்தா இங்கிலீஷில் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதுகிறார். இனிஷியலை ஒருவர் முன்னே போடுகிறார், ஒருவர் பின்னே போடுகிறார். டெலிபோன் நம்பர் ஒரு புஸ்தகத்தில் 91 என்ற எண்ணோடும், மற்றொன்றில் பூஜ்யத்தோடும், மூன்றாவதில் இரண்டும் இல்லாமலும் இருக்கிறது. யந்திரம் ஒருவரை மூவர் என்று எண்ணிக்கொள்கிறது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சான தமிழ்ப் பெயர்களோ, யூனிகோடு முறைக்கு மாற்றப்படாவிட்டால் வெறும் கிறுக்கலாக வந்து சேருகின்றன. ஆகையால் வாய்க்கால் வெட்டுமுன், வரும் நீரைத் தெளிய வைக்க வேண்டும். வெட்டிய பின், பழைய பேரேட்டின் மொத்தமும் மேடையின் மொத்தமும் ஒத்திருக்கின்றனவா என்று ஒரு மாத காலமாவது தினந்தோறும் ஒப்பிட வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் காரணம் தெரியும்வரை விடக்கூடாது என்பது நம் முன்னோர் கணக்கு தர்மம். யந்திரம் வந்ததனால் அந்த தர்மம் ரத்தாகிவிடவில்லை.

இன்னொரு பிழை அதைவிடக் கொடியது. முதல் தடவை முழுப் புஸ்தகத்தையும் பிரதி எடுத்த பிறகு, மாறின வரிகளை மாத்திரமே யந்திரங்கள் எடுத்துச் செல்வது வழக்கம். மூலத்தில் அழித்த வரி பிரதியில் அழியாமலே தங்கிவிடலாம். 'என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்று ஒரு வாடிக்கைக்காரர் கேட்டு, நாமும் எடுத்துவிட்டோம் என்று சொல்லியிருப்போம். ஆனால் அவர் பெயரும் நம்பரும் ஆராய்ச்சி மேடையில் உயிரோடிருக்கும். நாம் அறியாமலே நாம் சொன்னது பொய்யாகிவிடும்.

சாவிக்கொத்து

இரண்டு யந்திரங்களைப் பிணைப்பதற்கு, ஒன்றினிடம் மற்றொன்று காட்டும் அநுமதிச்சீட்டு ஒன்று உண்டு, 'டோக்கன்' என்பார்கள். கடவுச்சொல்லைக் கேளாமலே கதவைத் திறக்கும் சீட்டு அது. 2025-ம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதி முதல் 18-ந் தேதி வரையில் நடந்த கொள்ளையை இங்கே குறிப்பிட வேண்டும். சேல்ஸ்போர்ஸ் என்னும் பெரிய அமெரிக்க வாடிக்கைக்காரர் புஸ்தகத்தோடு, டிரிப்ட் என்ற சம்பாஷணைச் சாதனத்தைப் பல கம்பெனிகள் இணைத்திருந்தன. திருடர்கள் சேல்ஸ்போர்ஸின் சுவரை உடைக்கவில்லை. டிரிப்டிடம் இருந்த அநுமதிச்சீட்டுகளைத் திருடினார்கள். அந்தச் சீட்டுகளைக் காட்டி 700-க்கு மேற்பட்ட ஸ்தாபனங்களின் வாடிக்கைக்காரர் தகவல்களை அள்ளிச் சென்றார்கள். கிளவுட்பிளேர், பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ், இஸட்ஸ்கேலர் முதலிய, பிறருக்குப் பாதுகாப்பு விற்கும் கம்பெனிகளே அதில் அடிபட்டன. வீட்டுக் கதவு உறுதியாக இருந்து என்ன பயன்? சாவியின் பிரதியை அடுத்த தெருக் கடையில் கொடுத்து வைத்திருந்தோம் என்பதுதான் அந்தக் கதையின் சாரம்.

ஆகவே இணைப்பு ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி வேண்டும். அந்தச் சாவி வாசிக்க மாத்திரம் பயன்பட வேண்டும், எழுதவும் அழிக்கவும் கூடாது. விற்பனை ஆராய்ச்சிக்கு வேண்டிய பத்திகளை மாத்திரம் அது திறக்க வேண்டும். ஊர், தேதி, சரக்கு, தொகை போதுமான இடத்தில், பெயரும் டெலிபோன் நம்பரும் போக வேண்டிய அவசியமில்லை. உபயோகமற்றுப் போன இணைப்பின் சாவியை அன்றே ரத்து செய்ய வேண்டும். இவை யாவும் செலவில்லாத காரியங்கள். கவனம் ஒன்றே செலவு.

அயலூர் அணையும் நம் வயலும்

அந்நியன் இடத்தில் நம் சொத்து இருக்கலாமா என்பது மதுரை ஜில்லாவாசிகளுக்குப் புதிய கேள்வியன்று. 1895-ம் வருஷம் முதல் நாம் அந்தக் கேள்வியோடுதான் வாழ்ந்து வருகிறோம். பெரியாற்று அணை மலைக்கு அப்பால் வேறு ராஜ்யத்தின் எல்லைக்குள் நிற்கிறது. நீரோ சுரங்கத்தின் வழியாக இப்பால் வந்து வைகையுடன் சேர்ந்து மேலூர் வயல்களை நனைக்கிறது. அணை அங்கே, சுரங்கம் நடுவே, பயிர் இங்கே. மேகத்தில் தகவல், நடுவே இணைப்பு, இங்கே வியாபாரம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உபமானம் நமக்குக் கிடைக்காது.

இத்தனை காலமும் நம்மைக் காத்தது எது? சிநேக வார்த்தையன்று. 1886-ம் வருஷம் அக்டோபர் 29-ந் தேதி திருவாங்கூருடன் செய்துகொண்ட, 999 வருஷத்திற்கான குத்தகைப் பத்திரம். அத்தகைய பத்திரம் இருந்தும், 2006-லும் 2014-லும் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று, 142 அடி நீர் தேக்கும் உரிமையை நிலைநாட்ட வேண்டியதாயிற்று. உறுதியான பத்திரமும், முறையிடுவதற்கு இரு தரப்புக்கும் பொதுவான கோர்ட்டும் இருந்தபடியாலே அது சாத்தியமாயிற்று. மேகக் கம்பெனியுடன் நமது வியாபாரி செய்துகொள்ளும் பத்திரமோ, அவர் வாசிக்காமல் 'சம்மதம்' என்று விரலால் தட்டும் இங்கிலீஷ் கடுதாசி. அதில் வியாஜ்யம் நடக்க வேண்டிய கோர்ட்டு கடல் கடந்த ஊரில் இருக்கிறதா, கம்பெனி தன் இஷ்டப்படி சேவையை நிறுத்தலாமா, நிறுத்தினால் நம் தகவலை எத்தனை நாட்களுக்குள் திருப்பித் தரும் என்பதை எத்தனை பேர் பார்த்தார்கள்? வக்கீல்களாகிய நாமே அதை வாசிப்பதில்லை யென்றால் பிறரைக் குறை சொல்லி என்ன பயன்?

யந்திரம் இந்தியாவில் இருந்தால் போதும் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அதுவும் முழுச் சமாதானம் ஆகாது. 2018-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அமெரிக்கா இயற்றிய 'கிளவுட்' சட்டத்தின்படி, அந்நாட்டு அதிகாரத்திற்குட்பட்ட கம்பெனி, தன் வசத்திலுள்ள தகவல் எந்த தேசத்தில் இருந்தபோதிலும், சட்டப்படி பிறந்த உத்தரவுக்கு இணங்கி அதை ஒப்படைக்க வேண்டும். மண் நம்முடையது, பூட்டும் சாவியும் பிறருடையவை.

சட்டம் செய்ததும் செய்யாததும்

நமது சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2018-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி, பணப் பட்டுவாடாத் தகவல்கள் இந்தியாவிலேயே வைக்கப்பட வேண்டும் என்று ரிஸர்வ் பாங்க் உத்தரவிட்டது. அதற்கு இணங்கவில்லை என்று கண்டபோது, 2021 ஜூலையில், மாஸ்டர்கார்டு புதிய இந்திய வாடிக்கைக்காரர்களைச் சேர்ப்பதையே தடை செய்தது. கம்பெனி வழிக்கு வந்தது. 2022 ஜூனில் தடை நீங்கிற்று. மன உறுதி இருந்தால் காரியம் நடக்கும் என்பதற்கு இது அத்தாட்சி.

2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி, அந்தரங்கம் ஒரு ஜீவாதார உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்டில், டிஜிடல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் வெளிவந்தது 2025 நவம்பரில். பிரதானமான கடமைகளுக்கோ மேலும் 18 மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். சட்டத்தின் அம்சங்களில் மூன்றை வியாபாரிகள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, எந்தக் காரியத்திற்காகத் தகவல் வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். ஒரு காரியத்திற்கு வாங்கியதை வேறொரு காரியத்திற்குத் திருப்புவதற்கு அந்தச் சம்மதம் செல்லாது. இரண்டாவது, மேகக் கம்பெனி செய்த பிழைக்கும் கடைக்காரரே பொறுப்பாளி. 'நான் வாடகைக்குத்தான் எடுத்தேன்' என்று தப்ப முடியாது. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரையில் போகலாம். மூன்றாவது, அறிவிப்பை இங்கிலீஷிலோ, அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள பாஷைகளில் ஒன்றிலோ வாசிக்க ஜனங்களுக்கு வசதி அளிக்க வேண்டும். அந்த 22 பாஷைகளில் தமிழும் ஒன்று.

இந்த மூன்றாவது அம்சத்தைப் பற்றி நமது தமிழன்பர்கள் ஏன் மௌனமாயிருக்கிறார்கள்? மதுரையில் எத்தனை கடைகளில் தமிழ் அறிவிப்பு இருக்கிறது? வாடிப்பட்டியிலிருந்து சேலை வாங்க வந்த ஒரு தாயாரிடம், பில் போடுகிற பையன் 'நம்பர் சொல்லுங்க அம்மா' என்கிறான், அவரும் சொல்லிவிடுகிறார். எதற்காக என்று அவனுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைக்காரர்கள் வற்புறுத்தக் கூடாதென்று 2023 மே மாதத்திலேயே மத்திய சர்க்காரின் நுகர்வோர் இலாகா அறிவுறுத்தியது. அறிவுரை டில்லியிலேயே தங்கிவிட்டது.

சட்டத்தின் குறையையும் சொல்ல வேண்டும். எந்தெந்த தேசத்திற்குத் தகவல் போகக் கூடாது என்று சர்க்கார் அறிவிக்கலாமே தவிர, பொதுவான தடை ஏதுமில்லை. சர்க்கார் தனக்குத் தானே விலக்கு அளித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது. தகவலறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவும் இதன் மூலம் திருத்தப்பட்டிருக்கிறது. குடிகளின் அந்தரங்கத்தைக் காக்கப் பிறந்த சட்டம், அதிகாரிகளின் காரியத்தை மறைக்கும் திரையாகிவிடக் கூடாது.

நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை

அரசியல் ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் நாம் கடமையில் தவறியவர்களாவோம். 2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிடிகா விவகாரம் வெளிவந்தபோது, 8 கோடியே 70 லட்சம் பேஸ்புக் வாசிகளின் தகவல் முறைகேடாகப் போயிருக்கக் கூடும் என்றும், அவர்களில் 5 லட்சத்து 62 ஆயிரத்துச் சொச்சம் பேர் இந்தியர் என்றும் பேஸ்புக்கே ஒப்புக்கொண்டது. வோட்டரைச் சரக்கு வாங்குபவராக மதித்துக் கணக்கிடும் வித்தை நமது நாட்டுக் கட்சிகளுக்கும் வந்துவிட்டது. அங்கத்தினர் சேர்க்கையின்போது வாங்கிய நம்பர்கள் எந்த யந்திரத்தில் இருக்கின்றன, எந்த ஒப்பந்தக்காரன் கையில் இருக்கின்றன என்று ஒவ்வொரு கட்சிக் கமிட்டியும் தன்னைத் தானே கேட்டுக்கொள்ளட்டும். கம்பெனிக்காரனைக் கேட்கும் யோக்கியதை அதன் பிறகே நமக்கு உண்டாகும்.

சுதேசிக் கப்பலும் சுதேசிக் கணக்கும்

நம்மவர்களால் இந்த யந்திரத்தைச் செய்ய முடியாதா? முடியும்; செய்துமிருக்கிறார்கள். 1996-ல் ஆரம்பித்த ஜோஹோ கம்பெனி, 2005-லேயே வாடிக்கைக்காரர் புஸ்தகத்தை வெளியிட்டது. அதனுடன் இணையும் ஆராய்ச்சி மேடையும் அதனிடமே இருக்கிறது. தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறைக் கிராமத்திலிருந்து நம் பிள்ளைகள் உலகத்தாருக்கு வேலை செய்கிறார்கள். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர் சுமார் 12 லட்சம் பேரின் மின்தபால் அந்தக் கம்பெனியின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. இது நமக்குப் பெருமையே. ஆனால் சுதேசிப் பெயர்ப்பலகை ஒன்றே போதாது. நம்மவர் கம்பெனியானாலும், தகவலை முழுமையாக எந்நேரமும் எடுத்துக்கொண்டு வெளியேறும் உரிமை, தமிழில் பத்திரம், நம்மூர்க் கோர்ட்டில் வழக்காடும் உரிமை ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். கேளாமல் கொடுக்கும் வியாபாரி எந்த தேசத்திலும் இல்லை.

1906-ல் சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரே அக்கம்பெனிக்குத் தலைமை வகித்தார். கப்பலும் தமிழும் ஒரே காரியம் என்று அந்தத் தலைமுறை அறிந்திருந்தது. அந்நியக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாகவே ஏற்றிச் செல்ல முன்வந்தது. ஜனங்களில் பலர் இலவசத்தில் மயங்கினார்கள். 1911-ல் சுதேசிக் கம்பெனி மூடப்பட்டது. அதன்பின் இலவசமும் இல்லை, நமக்குக் கப்பலும் இல்லை. இன்றும் மேகக் கம்பெனிகள் முதல் மாதம் இலவசம் என்கின்றன. இரண்டாம் வருஷம் வாடகை எவ்வளவு என்று கேட்பவர் எத்தனை பேர்?

மதுரை வர்த்தகப் பிரமுகர்களுக்கு நமது யோசனை இதுதான். தனித்தனியே நின்று கடுதாசியில் விரல் வைக்காதீர்கள். சங்கமாகக் கூடுங்கள், எல்லோருக்கும் பொதுவான ஒரு பத்திரத்தைத் தமிழில் எழுதி, அதற்கு இணங்கும் கம்பெனியிடம் மாத்திரம் வியாபாரம் செய்யுங்கள். மாதம் ஒருமுறை உங்கள் முழுக் கணக்கின் பிரதியை உங்கள் சொந்தப் பெட்டியில் எடுத்து வையுங்கள். சாவிகளுக்கு ஒரு ஜாபிதா வைத்துக்கொள்ளுங்கள். இளைஞர்களுக்கும் ஒரு வேலை உண்டு: கடைகடையாகச் சென்று, சம்மத அறிவிப்பைத் தமிழில் ஒட்டச் செய்யுங்கள், எழுதிக் கொடுக்க ஆளில்லை யென்றால் நீங்களே எழுதிக் கொடுங்கள்.

நாட்டைத் திரும்பப் பெற்ற நாம், நாட்டாரின் கணக்கைப் பிறர் பெட்டியில் வைத்துவிட்டு உறங்குவது அழகன்று. வாடினாருக்கு வந்தது மாசி வீதிக்கு வராது என்பதற்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை. வருமுன் சாவியை வாங்கிக்கொள்வோம்.